எத்தனை தலகாணி?

மெத்தைக்காரர் தன் கட்டிலில் படுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் தூக்கம் தைத்துக் கொடுக்கிறவனுக்குப் படுக்கக் கொடுத்துவைக்கவில்லை என்று அவர் தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். அவர் மனைவிக்கு அந்தக் கேலி பிடிக்காது. சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கீழே கடை, மேலே வீடு. அவர் பஞ்சு அடைப்பார், அவள் உறை தைப்பாள். விடுதிக்காரர்கள், மருத்துவமனைக்காரர்கள், புதுக்குடித்தனம் போகிறவர்கள் என்று வேலைக்குக் குறைவே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்தால் நான்கு மணி வரை தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து இருபத்து நான்கு வருடமாக அதுதான் பழக்கம். இரவில் எல்லோரும்தான் தூங்குகிறார்கள். அசந்து விழுவதும் அலாரத்துக்கு எழுவதும்தான், அதில் என்ன இருக்கிறது? மதியத் தூக்கம்தான் அவர்களுக்கென்று இருந்தது. அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பார். அவள் பின்னால் படுத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நெற்றியை வைத்துக்கொள்வாள். சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சு மூக்கில் ஏறும். அவள் தும்முவாள்.

"மெத்தைக்காரனக் கட்டிக்கிட்டா தும்மித்தான் ஆகணும்" என்பார், திரும்பாமலே.

இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு எல்லாம் போயிற்று. மட்டமாகப் படுத்தால் சிறிது நேரத்தில் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவது போல மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். முதலில் நான்கு தலையணைகளை அடுக்கி அதே கட்டிலில் சாய்ந்து பார்த்தார். அது படுப்பதே இல்லை. அவர் உட்கார்ந்திருந்தார், அவள் படுத்திருந்தாள். அவள் நெற்றி அவர் இடுப்புக்குத்தான் எட்டியது. அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அசைவார், அவள் விழிப்பாள். நான்காம் நாள் அவரே சொன்னார்: "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி மாதிரி நீயும் ஏன் சாவுற? நிம்மதியா தூங்கு." சொல்லிவிட்டு, ஜன்னலை ஒட்டிக் கிடந்த ஒற்றைக் கட்டிலுக்குத் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். மதியம் இரண்டு மணிக்குப் பெரிய கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும் படுத்து, அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அவளுக்குத் தும்மல் வரவில்லை.

மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள். யார் உள்ளே வந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, "செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க" என்று எடை மேடையைக் காட்டுவாள். மெத்தைக்காரர் அவளுக்குத் தராசு சிஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார். அவளுக்கும் அது தெரியும்.

டாக்டர் கேட்கிற முதல் கேள்வியும் மாறாது.

"தூங்குறப்ப எத்தனை தலகாணி?"

நாலு என்றால் நிலைமை மோசம். மூணு என்றால் தேவலாம். ஒன்று என்றால் மனிதர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நோட்டில் டாக்டர் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதுவார். முதல் தடவை இந்தக் கேள்வியைக் கேட்டபோது, "எத்தனை வேணும்னு நீங்க சொல்லுங்க டாக்டர், நாளைக்கே அனுப்பிடுறேன்" என்றார் மெத்தைக்காரர். டாக்டர் சிரிக்கவில்லை. தராசு சிஸ்டர்தான் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஒருநாள் அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தபோது அவர் மனைவி சிஸ்டரிடம் கேட்டாள்.

"நிக்கிறார், நடக்கிறார், கடையில வேலை பாக்குறார். படுத்தா மட்டும் ஏன் சிஸ்டர் இப்படி?"

சிஸ்டருக்கு அன்று கொஞ்சம் நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நுரையீரலுக்கு ஒரு பக்கம் காத்து வருது, இன்னொரு பக்கம் ரத்தம் வருதுக்கா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு. நீங்க தைக்கிறீங்களே உறைத்துணி, அதெல்லாம் அதுக்குப் பக்கத்துல கம்பளி. அவ்வளவு மெல்லிசு. அதுல கொஞ்சம் தண்ணி எப்பவும் கசியும். எனக்கும் கசியுது, உங்களுக்கும் கசியுது. கசியுறத எடுத்துட்டுப் போக வடிகால் இருக்கு, அதனால நமக்குத் தெரியறதில்ல. ஐயாவோட இதயத்துக்கு ரத்தத்த முன்னால தள்ளப் பலம் பத்தல. அப்ப பின்னால நுரையீரல்ல தேங்குது. தேங்கினா அழுத்தம், அழுத்தம் ஏறினா கசிவு. வடிகாலும் எவ்வளவுதான் எடுக்கும்?"

"உக்காந்தா சரியாயிடுதே?"

"உக்காந்தா ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும். நுரையீரல்லயும் அடிப்பக்கம்தான் ரத்தம் ஜாஸ்தி நிக்கும், மேல்பக்கம் தாராளமா காத்து வாங்கும். படுத்தீங்கன்னா கால்ல இருந்ததெல்லாம் நெஞ்சுக்குத் திரும்பி வந்துடும். ஏற்கெனவே நெரிசல், இதுல இன்னொரு கூட்டம்."

அவள் யோசித்தாள். பஞ்சு என்பது பாதிக்கு மேல் காற்றுதான். அது நனைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரை ஒழுகிய வருடம் ஒரு மூட்டைப் பஞ்சு நனைந்து, இரண்டு பேர் பிடித்தும் நகரவில்லை. அழுத்தினால் உள்ளே போனது, திரும்ப எழவில்லை.

"தண்ணி நின்ன இடத்துல காத்து வராதுல்ல? அங்க போற ரத்தம் என்ன பண்ணும்?"

சிஸ்டர் அவளைப் புதிதாகப் பார்த்தாள். "நல்லாத்தான் கேக்குறீங்க. காத்து வராத இடத்துக்குப் போற குழாய உடம்பே சுருக்கிடும்கா. அங்க போய் என்ன கிடைக்கப்போகுது, காத்து இருக்கிற பக்கம் போவோம்னு ரத்தம் திரும்பிக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அது அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் பெரிய கட்டிலின் மேல் மடித்த துணியும் தைக்க வேண்டிய உறைகளும் வந்து உட்கார ஆரம்பித்திருந்தன. யாரும் படுக்காத பக்கம்தானே என்று அவளே வைத்ததுதான். அன்று எல்லாவற்றையும் எடுத்துக் கீழே கொண்டுபோனாள்.

மாத்திரை வேலை செய்தது. நீர் மாத்திரை என்று ஒன்று. அதைப் போட்டால் காலை முழுக்க அவர் கழிப்பறைக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருப்பார். "கடைய அங்கயே மாத்திடலாமா?" என்பார். கால் வீக்கம் வடிந்தது. நான்கு தலையணை மூன்றானது. மூன்று, மூன்றாகவே நின்றது. அடுத்த மாதமும் மூன்று. அதற்கடுத்தும் மூன்று.

அவர் முடிவெட்டப் போயிருந்த ஒரு காலையில் அவள் அந்த மூன்று தலையணைகளையும் பிரித்தாள். மூன்றின் பஞ்சையும் இரண்டு உறைகளில் அடைத்தாள். முழங்காலால் அழுத்தி அழுத்தி அடைத்து, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினாள். மூன்று இருந்தால் வழுக்கி நடுவில் கழுத்து மாட்டுகிறது, இரண்டென்றால் கெட்டியாக நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. ஆனால் முழு நிஜமும் அது இல்லை என்று அவள் கைக்குத் தெரியும். டாக்டரின் நோட்டில் இருக்கும் மூன்று இரண்டாக வேண்டும், இரண்டு ஒன்றாக வேண்டும், அந்த ஒன்றோடு அவர் உள்ளறைக்கு வரவேண்டும்.

அன்று மதியம் அவர் தலையணையைக் கையில் எடுத்தார். ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாத் தச்சிருக்க" என்றார். சாய்ந்துகொண்டார்.

அந்த வாரமே மருத்துவமனை.

"எத்தனை தலகாணி?"

"ரெண்டு."

டாக்டரின் பேனா நின்றது. "ரெண்டா! பரவாயில்லையே." நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், சுத்தமாக இருந்தது. காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழவில்லை. "நீர் மாத்திரை ஜாஸ்தியானா சிறுநீரகத்துக்கு ஆகாது. பாதியாக் குறைச்சுடலாம். இப்படியே போனா அடுத்த தடவை ஒத்தத் தலகாணியோட வருவீங்க."

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. தராசு சிஸ்டர்கூட, "என்னக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர், தாகம்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னபடி தண்ணீரை அளந்து குடிக்கிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாகம் என்று சொன்னது அவளுக்கே உறைத்தது.

கடையில் பஞ்சு நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று உண்டு. தினமும் காலையில் அதில்தான் அவர் ஏறி நிற்பார். அவள் தையல் சாக்கட்டியால் சுவரில் எழுதுவாள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யவேண்டும் என்பது சிஸ்டரின் கட்டளை.

பத்து நாள்கள் போல அறுபத்தெட்டிலேயே நின்றது. பிறகு ஒருநாள் காலை அறுபத்தெட்டேகால். மறுநாள் அறுபத்தொன்பது.

"பெல்ட்டோட ஏறிட்டீங்க" என்றாள்.

"பெல்ட்டு என்ன முக்கால் கிலோவா?"

"பஞ்சு ஒட்டியிருக்கும்."

"முக்கால் கிலோ பஞ்சு ஒட்டினா நான் ஆளா, கரடியா?" அவர் சிரித்தார். சிரித்த பிறகு ஒரு சின்ன இருமல்.

அதற்கடுத்த நாள் அறுபத்தொன்பதே முக்கால். மூன்று நாளில் ஒன்றே முக்கால். இரண்டு ஆகவில்லையே என்று சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காலுறையைக் கழற்றிய இடத்தில் வளையம் போலத் தடம் பதிந்திருந்ததையும் பார்த்தாள். பார்க்காதது போல உறை வெட்டப் போனாள்.

மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்தவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒரு தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றார்.

"டாக்டரே ஒண்ணுன்னு சொல்லிட்டாரு. நாம ஒத்திகை பாத்துக்க வேணாமா?"

"அடுத்த மாசம்னுதானே சொன்னாரு."

"அடுத்த மாசம் எங்க போகுது, வரத்தான் போகுது. தள்ளிப் படு."

அவள் தள்ளிப் படுத்தாள்.

அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்தார். கட்டில் தன் பழைய சத்தத்தைப் போட்டது. அவள் நெற்றியைக் கொண்டுபோய், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், அந்த இடத்தில் வைத்தாள். சட்டை அதே சூடு. பஞ்சு மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது. அவர் தோள் மட்டும் லேசாக ஆடியது, சிரித்திருப்பார். ஐந்து மாதமாக உடம்புக்குள் எங்கோ முறுக்கி வைத்திருந்த நூல் ஒன்று அவளுக்குள் தானாகப் பிரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து மூச்சை அடக்கிக்கொண்டாள்.

தன் மூச்சை அடக்கியதால்தான் அவர் மூச்சு கேட்டது.

உள்ளே இழுக்கும்போதெல்லாம், இழுப்பு முடிகிற இடத்தில், சின்னச் சின்னதாக ஒரு சத்தம். காதோரம் நாலு மயிரை விரலில் வைத்து உருட்டினால் கேட்குமே, அது மாதிரி. காதை நகர்த்தி வைத்தாள். மேலே இல்லை. கீழே, விலா முடிகிற பக்கம் இருந்தது. நுரையீரல் என்ற பேரிலேயே நுரையும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது என்று அப்போது ஏனோ தோன்றியது. மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கசிந்து நிற்கிறது. மூடிப்போன சின்னக் காற்றுப்பைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து காற்றைக் கேட்கின்றன.

அவர் தூங்கிவிட்டார். எத்தனையோ நாள் கழித்து ஒருக்களித்துத் தூங்குகிறார்.

இன்னும் கொஞ்சம் என்று அவள் நினைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. இரண்டு இருபத்தைந்து வரை. மூச்சை எண்ணினாள், நிமிடத்துக்கு இருபத்தாறு. அடுத்த நிமிடம் இருபத்தெட்டு. சத்தம் விலாவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அவள் நெற்றி இருந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அங்கே வருவதற்கு முன்னால் எழுப்பவேண்டும். இன்னும் ஒரே ஒரு மூச்சு. இன்னும் ஒன்று.

இரண்டு இருபத்து மூன்றுக்கு அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரிங்க."

"என்ன?"

"எழுந்திரிங்கன்னா எழுந்திரிங்க. உக்காருங்க. கால கீழ தொங்கப் போடுங்க."

உட்கார்ந்ததும் இருமினார். கைக்குட்டையில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் சிஸ்டருக்குப் போன் செய்தாள். "ஒண்ணே முக்கால் கிலோ சிஸ்டர்" என்றுதான் ஆரம்பித்தாள். வண்டி வந்ததும் ஒரு கையில் அவரையும் இன்னொரு கையில் அந்தத் தலையணையையும் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

மருத்துவமனையில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக்குழாய் வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். மூச்சு ஒரு வழிக்கு வந்தபிறகு அவள் தலையணையைக் கொண்டுபோய் சிஸ்டரிடம் நீட்டினாள். சிஸ்டர் வாங்கினாள், கை சற்றுத் தாழ்ந்தது.

"என்னக்கா இது, தலகாணியா பாறாங்கல்லா?"

"மூணு தலகாணியத்தான் ரெண்டா அடைச்சேன். நான்தான். அவருக்குத் தெரியாது."

டாக்டர் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது, பெரிய கோபம். மாத்திரையைக் குறைத்ததே அந்த எண்ணை நம்பித்தான் என்றார், உயிரோடு விளையாடுகிறீர்களா என்றார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கொஞ்சநேரம் தலையணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு குரலில் சொன்னார்: "எத்தனை வருஷமா எல்லாரையும் எத்தனைன்னு கேக்குறேன். எவ்வளவு உயரம்னு ஒருத்தரையும் கேட்டதில்ல."

"அவளத் திட்டாதீங்க டாக்டர்." காற்றுக்குழாய்க்குள்ளிருந்து மெத்தைக்காரரின் குரல் மூக்கால் வந்தது. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா பஞ்சு அடைக்கிறேன். கையில எடுத்தா எடை தெரியாதா? ஒண்ணே முக்கா கிலோ அது. எடுத்த அன்னிக்கே தெரியும்."

அவள் திரும்பினாள். "தெரிஞ்சுமா ரெண்டுன்னு சொன்னீங்க?"

"உனக்கு வேண்டியிருந்த மாதிரியேதான்," அவர் மூச்சு வாங்கி முடித்தார், "எனக்கும் வேண்டியிருந்துச்சு."

சிஸ்டர் தலையணையை எடுத்துக்கொண்டு, வேலை இருப்பது போல வெளியே போனாள். போய் அதை எடை மேடையில் வைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. "சரியா இருக்குக்கா!" என்று அங்கிருந்தே சத்தம் வந்தது.

நான்கு நாள்கள் வைத்திருந்தார்கள். கசிந்ததெல்லாம் சிறுநீராக வெளியேறி, பழைய அறுபத்தெட்டுக்கு வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மாத்திரை பழையபடி முழுசு. இந்த இதயத்தை வைத்துக்கொண்டு பல வருடம் வேலை பார்க்கலாம், நடக்கலாம், சண்டை போடலாம். ஆனால் மட்டமாகப் படுப்பதை மறந்துவிட வேண்டும். நெஞ்சு எப்போதும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கட்டும்.

வண்டியில் அவள் விரலை விரித்து விரித்துச் சாண் போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கடையில் பெரிய கட்டிலின் அகலத்துக்குத் துணி வெட்டினாள். தலைப்பக்கம் ஒன்றரைச் சாண், கால்பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் சீராக இறங்குகிற சரிவு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவ தப்பா வெட்டிட்ட. எனக்கு அதுல பாதி அகலம் போதும்."

"தப்பா வெட்டல."

"ரெண்டு பேருக்கா? உனக்கெதுக்கு? உனக்கு நல்லாத்தானே மூச்சு வருது?"

"இருக்கட்டும். நுரையீரல் எனக்கும் இருக்கு. நீங்க பஞ்ச எடுத்துக் குடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். எங்கே கெட்டியாக வேண்டும், எங்கே இளக்கமாக வேண்டும் என்று அதட்டிக்கொண்டே இருந்தார். அவரை இறக்கத்தான் அவள் இத்தனை நாள் பாடுபட்டாள். தான் ஏறலாம் என்று தோன்றாமல் போனதை நினைத்து நினைத்து, ஊசியை இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டாள்.

முதல் மதியம் சரிவில் ஏறிப் படுத்தார்கள். அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்தார். அவள் நெற்றி சரியான இடத்துக்கு வந்தது. காதை வைத்துக் கேட்டாள். விலா முடிகிற பக்கத்திலும் வெறும் காற்று, போகிறது, வருகிறது. கண் சொக்கியது.

விழித்தபோது அவள் நெற்றி அவர் இடுப்பில் இருந்தது. கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. தூக்கத்தில் சரிவு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிட்டிருந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அவர், மேலேயிருந்து.

"எங்கயும் இல்ல." முழங்கையை ஊன்றி மேலே ஏறினாள். படுத்தாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஓர் அங்குலம் வழுக்கியது அவளுக்கே தெரிந்தது. இருபத்து நான்கு வருடம் மட்டமாகவே படுத்த உடம்பு, அதற்கு வேறு எதுவும் தெரியவில்லை.

அவர் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டித் தேடி, மூட்டை வாயைப் பிடிப்பது போல அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார். பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

அவள் தூங்கவில்லை. தூங்கினால் இறங்கிவிடுவாள். குதிகாலை மெத்தையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, அவர் முதுகு ஏறுவதையும் இறங்குவதையும் நெற்றியால் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்கு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.